பழைய மரத்தோணியைப் பேணுதலும் பழுது பார்த்தலும்

பழவேற்காட்டு ஏரியின் கரையில் கோடைக் காலத்தில் நடந்து செல்வோர், கண்ணாடியிழைப் படகுகளின் நடுவே மணலில் ஏற்றி வைக்கப்பட்ட பழைய மரத்தோணிகளை ஆங்காங்கே இன்றும் காணலாம். அவற்றின் பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும். ஆணித் தலைகளைச் சுற்றிக் கருவளையங்கள் படர்ந்திருக்கும். அணியத்தின் உட்புறத்தில், முன்பு பெய்த மழைநீர் தேங்கி நின்ற கறை இருக்கும். இத்தோணியை வைத்திருப்பவர் தோணி கட்டும் ஓடாவியல்லர். அதனைக் கொண்டு பிழைப்பவர். தேர்ந்த ஓடாவிகள் இப்பொழுது எளிதிற் கிடைப்பதில்லை. ஆதலின் பழுது பார்க்கும் வேலையை அவரே தம் கையாற் செய்கிறார். அவர் செய்வதிற் பெரும்பகுதி பயன் தருவதே. ஆயினும் பழைய தோணிகள் பல, கவனிப்பின்மையால் அழிவதைக் காட்டிலும் தவறான கவனிப்பினால் விரைந்து அழிகின்றன. காரணம் அறியாமற் செய்யப்படும் பழுது எங்ஙனம் தோணிக்குத் தீங்காகிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருந்தால், ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்குரிய கருவி மேலும் சில ஆண்டுகள் நிலைத்திருக்க உதவ இயலும்.

தமிழ்நாட்டில் மரத்தோணி ஒரு காலத்தில் மீன்பிடிக்க மட்டும் பயன்படவில்லை. 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட சிறு கால்வாய், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. அப்பொழுதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. விறகும் உப்பும் தானியமும் ஏற்றிய நீண்ட தோணிகள், பாய் விரித்தும் கோலூன்றியும் கரையிலிருந்து ஆட்கள் கயிறு பிடித்து இழுத்தும் இக்கால்வாயில் பல தலைமுறைகள் ஓடின. இரயிலும் லாரியும் பெருகிய பின்னர் இப்போக்குவரத்து மங்கி மறைந்தது. 2008-ஆம் ஆண்டில் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. எனினும் அப்பழைய சுமைத்தோணிகள் திரும்பவில்லை. இன்று மரத்தோணியின் கதை பெரும்பாலும் உப்பங்கழிகளிலும் ஏரிகளிலும் உள்ள சிறு தோணிகளின் கதையே ஆகும்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலமே கொண்ட குறுகிய நீள்படகுகள் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. முன்பு நிலக்கரி ஏற்றிச் சென்ற மரபினைச் சேர்ந்த அவை, இப்பொழுது பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனவை. மக்கள் அவற்றில் வசிக்கவும் செய்கிறார்கள். தொழில்முறைப் பயிற்சியற்ற சொந்தக்காரர்களே அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையேற்றி, சுரண்டிக் கறுப்புத்தார் பூசுவதுண்டு. அங்கு எதிரி துரு. இங்கு எதிரி புழுவும் பூஞ்சணமும். ஆயினும் இரண்டிடத்தும் ஓர் உண்மை பொதுவாக இருக்கிறது. வெளியே உள்ள நீரைப் பற்றிச் சொந்தக்காரர் மிகவும் கவலைப்படுகிறார். உள்ளே தேங்கும் நீரை அவர் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை.

மழைநீரும் மரமும்

உப்புநீரே மரத்தை அழிக்கிறது என்பது பலரின் எண்ணம். உண்மை இதற்குப் பெரும்பாலும் மாறானது. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சணம் என்னும் நுண்ணுயிர். அதற்கு மரத்தில் ஈரமும் பிராணவாயுவும் மிதமான உஷ்ணமும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்திருந்தால் பூஞ்சணம் வளராது. ஈரம் சுமார் 28 அல்லது 30 பங்கைத் தாண்டும்பொழுது அது செழித்து வளரும். மரம் முற்றிலும் நீரில் மூழ்கி ஊறிவிட்டாலோ, பிராணவாயு இன்மையால் அதன் வளர்ச்சி மீண்டும் தடைப்படும். உப்பும் அதனைத் தடுக்கும். ஆகவே எப்பொழுதும் கடல்நீருக்குள் இருக்கும் அடிப்பலகை பூஞ்சணத்தால் மக்குவது அரிது. நீருக்கு மேலே உள்ள பகுதிகளிலேதான் அது குடிகொள்கிறது: அணியமும் பலகைகளும் கூடும் மூட்டு, குறுக்குப் பலகைகளின் நுனி, விலாச் சட்டங்களின் மேல்முனை, விளிம்புச் சட்டத்தின் அடி. இவ்விடங்களிலெல்லாம் மழைநீர் இறங்கும். காற்று எளிதிற் புகாது. நாட்கணக்கில் ஈரம் தங்கும்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல் கட்டியோர், சட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் உப்புக் கற்களைக் கொட்டி வைத்தனர். உள்ளே கசியும் மழைநீர் உப்புநீராக மாறி, மரத்தைக் காத்தது. நம் மீனவர் தோணியின் உட்புறத்தைக் கடல்நீரால் கழுவிவிடும் வழக்கமும் இதனாற் பொருளுடையதே. நல்ல தண்ணீர் கொண்டு கழுவினால் தோணி சுத்தமாகும் என்று எண்ணி அவ்வழக்கத்தை மாற்றச் சொல்லும் அறிவுரை, கேட்க நன்றாயிருப்பினும், விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது.

இதிலிருந்து கிடைக்கும் முதற்பணி மிக எளியது, செலவும் இல்லாதது. தோணியைக் கரையில் வைக்கும்பொழுது அமரம் சற்றே தாழ்ந்திருக்குமாறு சாய்த்து வைத்து, அங்குள்ள வடிதுளையின் அடைப்பை எடுத்துவிடுதல் வேண்டும். கவிழ்த்து வைப்பதாயின் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டைகளின்மீது வைத்துக் காற்றோட்டம் விடுதல் வேண்டும். மேலே ஓலை வேயலாம். நெகிழித் தாளை இறுகப் போர்த்திக் கட்டுதல் கூடாது; பகலில் மரத்திலிருந்து எழும் ஆவி இரவில் அத்தாளின் அடியில் நீராகி மீண்டும் மரத்திலேயே சொட்டும். விலாச் சட்டங்களுக்கு அடியில், நீர் ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்துக்குச் செல்லுமாறு விடப்பட்டிருக்கும் சிறு துளைகள் பெரும்பாலும் மணலாலும் மீன் செதிள்களாலும் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியால் அவற்றைக் குத்திச் சுத்தம் செய்வது அரைமணி வேலை.

தோணியைப் படித்தல்

பழுது தொடங்குமுன் தோணியை முழுவதும் ஆராய்தல் வேண்டும். இதற்குக் கூரிய குத்தூசி ஒன்றும், சிறு கொட்டாப்புளி ஒன்றும், சுண்ணக்கட்டியும், ஒரு தாளும் போதும். தாளில் தோணியின் வடிவத்தை வரைந்து, பலகைகளுக்கு எண் இடவேண்டும். பின்னர் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். கெட்டியான மரம் தெளிந்த ஒலி தரும். உட்புறம் மக்கியதோ புழுவரித்ததோ ஆகிய மரம் மந்தமான ஒலி தரும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியைக் கையால் அழுத்திப் பார்க்கவேண்டும். முதலில் ஐயமே இல்லாத ஓரிடத்தில் அழுத்தி, ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொள்வது நலம். மரத்துக்கு மரம் கெட்டித்தன்மை மாறுபடுவதால் இவ்வொப்பீடு இன்றியமையாதது. அயினிப் பலகையில் இறங்கும் அளவும் மாம்பலகையில் இறங்கும் அளவும் ஒன்றல்ல. ஊசியை எடுக்கும்பொழுது நல்ல மரத்தின் நார் நீண்டு கிழியும். மக்கிய மரம் சிறுசிறு துண்டுகளாக உடைந்து வரும்.

ஆய்வின்போது கண்டதனைத்தையும் வரைபடத்திற் குறித்தல் வேண்டும். இதனைச் சிலர் வீண் வேலை என்று கருதுவர். மறு ஆண்டு அதே தாளை எடுத்துப் பார்க்கும்பொழுதுதான் அதன் அருமை விளங்கும். சென்ற ஆண்டு உள்ளங்கையளவு இருந்த மெத்தென்ற பகுதி இவ்வாண்டும் உள்ளங்கையளவே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முழநீளமாகியிருந்தால் காரணம் இன்னும் நீங்கவில்லை என்பது பொருள். காரணம் நீங்காத இடத்திற் புதுப்பலகை வைத்தாலும் அதுவும் மக்கும்.

கண்ணுக்குத் தெரியாத புழு

அடிப்பலகையின் பகைவர் வேறு. கப்பற்புழு என்று வழங்கப்படுவது உண்மையிற் புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்தது. டெரிடோ, பாங்கியா முதலியன இவ்வினத்தில் அடங்கும். குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து வரும் இது, குண்டூசித் தலையினும் சிறிய துளையிட்டு மரத்தினுள் நுழைகிறது. பின்னர் உள்ளேயே வளர்ந்து, தன் தலைப்புறத்தில் உள்ள இரு சிறு ஓடுகளால் அரத்தைப் போல் மரத்தை அராவிக்கொண்டு முன்னேறுகிறது. நம் வெப்பக் கடல்களில் சில மாதங்களில் ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளர்ந்துவிடும். வாயில் மட்டும் சிறியதாகவே இருப்பதால், வெளியே பார்ப்பவருக்குப் பலகை பழுதற்றதாகத் தோன்றும். ஒரு நாள் கரையில் ஏற்றும்பொழுது சிறு கல்லில் மோதினால், பலகை அப்பளம் போல் நொறுங்கும். இதே இனத்தைச் சேர்ந்த மார்டீசியா என்பது மேற்பரப்பிலேயே பெருந்துளைகள் இடும். ஸ்பீரோமா என்னும் சிறு ஓட்டுயிரி, உப்புக் குறைந்த கழிநீரிலும் வாழவல்லது.

கடலே இல்லாத பெங்களூர் நகரில் கடற்புழுவைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இன்று எலெக்ட்ரானிக் சிட்டியின் கணிப்பொறி நிலையங்களால் உலகுக்கு அறிமுகமாகியுள்ள அந்நகரில், 1938-ஆம் ஆண்டிலேயே வன ஆராய்ச்சிச்சாலை ஒன்று தோன்றியது. அதுவே 1988-ஆம் ஆண்டில் மர விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையமாக வளர்ந்தது. விசாகப்பட்டினத்தில் உள்ள அதன் கடற்பிரிவின் ஆராய்ச்சியாளர்கள், பலவகை மரத்துண்டுகளைச் சட்டங்களிற் கோத்துத் துறைமுக நீரில் தொங்கவிட்டு, அவை எத்தனை மாதம் தாங்குகின்றன என்று கண்டறிந்தனர். காப்புச் செய்யாத மென்மரத் துண்டுகள் ஓராண்டு நிறையுமுன்னரே சல்லடையாகிவிடுகின்றன. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக் கலவையையோ கிரியோசோட் எண்ணெயையோ அழுத்தத்தின் மூலம் மரத்தினுள் ஏற்றினால் ஆயுள் பன்மடங்காகிறது. கொச்சியில் 1957-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், இம்முறையால் விலை மலிந்த ரப்பர் மரத்தையும் தோணிக்குத் தகுதியாக்கிக் காட்டியுள்ளது.

ஆனால் இவை புதுமரத்துக்கு, அதற்குரிய உருளையில் இட்டுச் செய்யப்படுவன. ஏற்கெனவே கட்டி, எண்ணெயும் தாரும் குடித்திருக்கும் பழந்தோணியின்மீது அம்மருந்தைத் தூரிகையாற் பூசினால் அது தலைமுடியின் கனத்துக்கும் உட்செல்லாது. ஆர்சனிக் கொடிய நஞ்சு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அதனைச் சொந்தக்காரர் தாமே கரைத்துப் பூசுவதற்குக் களப்பணியாளர் ஒருபொழுதும் இடந்தரலாகாது. அவ்வாறு மருந்தேற்றிய மரத்தின் வெட்டுத்துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

பழந்தோணியின் சொந்தக்காரருக்குக் கையிலிருக்கும் மருந்துகள் காய்ச்சலும் நன்னீருமே. கப்பற்புழு நீரிலிருந்தே மூச்சு விடுகிறது. தோணியை ஏற்றிவிட்டால், தன் வாலருகிலுள்ள இரு சிறு மூடிகளால் வாயிலை அடைத்துக்கொண்டு, உடலிற் சேமித்த சத்தைக் கொண்டு அது பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கிலும், உயிர் தாங்கும். எனவே வெள்ளிக்கிழமை ஏற்றித் திங்கட்கிழமை இறக்குவதால் அது சாகாது. மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வாய்ப்பானது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படும் இத்தடை சிறு நாட்டுத்தோணிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் பட்டறையும் ஆட்களும் கரையில் ஒருங்கே கிடைக்கும் காலம் அதுவே. உப்பு, ஆயிரம் பங்கு நீரில் 5 பங்குக்கும் கீழாக உள்ள இடத்தில் தோணியைச் சில வாரங்கள் கட்டி வைப்பதும் பெரும்பாலான புழுக்களை அழிக்கும். ஆற்றுமுகங்களில் வாழ்வோருக்கு வடகிழக்குப் பருவமழை இவ்வுதவியைத் தானே செய்கிறது. ஓலைத்தீயில் அடிப்புறத்தை இலேசாக வாட்டும் பழைய வழக்கம், மேற்பரப்பில் அப்பொழுதுதான் ஒட்டிய குஞ்சுகளைக் கொல்லும். ஆழத்திற் சென்ற புழுவை அது தீண்டாது.

இவற்றைவிட முக்கியமானது, காப்புப் பூச்சு எங்கும் அறுபடாமலிருத்தல். புழுக்குஞ்சு பூச்சில்லாத மரத்தில்தான் நுழையும். மணலில் இழுக்கும்பொழுது ஏராவின் அடியில் பூச்சு முதலில் தேய்கிறது. அங்கு ஒரு தேய்மானக் கட்டையைத் தனியே பொருத்தி, அது அரிபட்டவுடன் மாற்றிவிட்டால் ஏரா பிழைக்கும்.

பலகை இடைவெளியும் கலப்பற்றும்

சொந்தக்காரர் மிகுதியாகத் தவறு செய்வது இப்பகுதியிலேதான். மரம் ஈரத்தால் அகலத்திற் பருக்கும், உலர்ந்தாற் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை. 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை ஒன்று நூற்றுக்கு 3 பங்கு பருக்குமாயின், 6 மில்லிமீட்டர் கூடுகிறது. ஒரு பக்கத்தில் ஐந்து பலகைகள் இருந்தால் மொத்தம் 30 மில்லிமீட்டர். கோடையில் இரண்டு மாதம் வெயிலிற் கிடந்த தோணியின் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் பிளவு காண்பதற்கு இதுவே காரணம். தோணியை மெதுவாக நீரில் ஊறவிட்டால் அப்பிளவுகளில் மிகப் பல தாமே மூடிக்கொள்ளும்.

சொந்தக்காரர் என்ன செய்கிறார்? உலர்ந்திருக்கும்பொழுதே பிளவைக் கண்டு அஞ்சி, நைலான் நூலையும் கந்தலையும் உளியால் இறுக அடித்து நிரப்புகிறார். மேலே சிமெண்ட்டோ கெட்டிப்படும் பசையோ பூசுகிறார். தோணி நீரில் இறங்கியதும் பலகைகள் பருக்கின்றன, பருப்பதற்கு இடமில்லை. அவ்விசை எங்கேனும் வெளிப்பட்டாக வேண்டும். பலகை விலாச் சட்டத்திலிருந்து விலகி எழும்புகிறது. ஆணித் தலைகள் இழுபடுகின்றன. சில வேளை சட்டமே முறிகிறது. இவ்வாறு கசிவை நிறுத்தச் செய்த வேலையே தோணியின் எலும்பை உடைத்துவிடுகிறது. சிமெண்ட்டோ மரத்தோடு சேர்ந்து அசையாது. அதற்கும் பலகைக்கும் இடையே மயிரிழை பிளந்து, அதில் நின்ற நீர் உள்ளிருந்தே மரத்தை மக்கச் செய்யும். சிமெண்ட் பூசிய தோணியிற் பலகையை மாற்ற முனைந்தால், உடைத்தெடுப்பதற்கே இரண்டு நாள் செல்லும்.

கலப்பற்று அடிக்குமுன் தோணி மிதமான ஈரத்தில் இருத்தல் வேண்டும். ஒரு வாரம் ஈரக்கோணியால் மூடி, காலையிலும் மாலையிலும் கடல்நீர் தெளித்து வந்தால் பலகைகள் பாதி பருத்துவிடும். எஞ்சிய இடைவெளியே உண்மையான இடைவெளி. அதிலுள்ள பழைய நாரையும் மண்ணையும் வளைந்த கொக்கியால் எடுத்துவிட்டு, பருத்தித் திரியையோ எண்ணெயில் தோய்த்த தென்னை நாரையோ நெகிழ்வாக உள்ளே செலுத்த வேண்டும். திரி, பலகையின் கனத்திற் பாதியளவு ஆழத்தில் நிற்பது நலம். உட்புறம் எட்டிப் பார்த்தல் கூடாது. மீதியைக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகால் நிரப்பலாம். இது கெட்டிப்படாது, பலகை பருக்கும்பொழுது பிதுங்கி வெளிவரும், பிதுங்கியதை வழித்துவிட வேண்டியதே. பழமையான இம்மெழுகு புதிய பசைகள் பலவற்றினும் மேலானதாக இருப்பது, அது விட்டுக்கொடுப்பதனால்தான்.

கேரளத்தின் கெட்டுவள்ளங்களிலும் சோழமண்டலக் கரையின் மசூலாத் தோணிகளிலும் ஆணியே இல்லை. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்பொழுது அவை வளைந்து கொடுத்தன. கயிறு மக்கியதும் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பது வழக்கமான பராமரிப்பாக இருந்தது. பழுது பார்ப்பதற்கென்றே அமைந்த தோணி அது என்றாலும் தகும்.

ஆசிரியர் இப்பாடத்தை வகுப்பில் எளிதாக விளக்கலாம். நாரோட்டத்துக்குக் குறுக்காக 200 மில்லிமீட்டர் உள்ள ஒரு மரத்துண்டின் அகலத்தை அளந்து, நீரில் ஒரு வாரம் அமிழ்த்தி வைத்து, நாள்தோறும் அளந்து வரைபடம் இடச் செய்யலாம். அதே துண்டை நீளவாக்கிலும் அளந்தால் மாணவர் வியப்படைவர்.

ஆணியும் கருவளையமும்

ஆணியைச் சுற்றிக் காணப்படும் கருமை அழுக்கன்று. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடி உண்டாகும் மை அது. கடுக்காய்க் கஷாயத்தில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால், சில மணி நேரத்தில் எழுதத்தக்க கறுப்பு மை கிடைப்பதை மாணவர் காணலாம். தோணியில் இவ்வளையம் காணப்பட்டால், அங்கு நீர் புகுந்துள்ளது என்பதும், ஆணி கரைந்து வருகிறது என்பதும், சுற்றியுள்ள மரம் வலிமை குன்றியுள்ளது என்பதும் தெளிவு. அவ்விடத்தில் அதே துளையில் பெரிய ஆணி ஒன்றை அறைவது வீண். பழைய ஆணியை வாங்கி, துளையை எண்ணெயில் ஊறிய மரமுளையால் அடைத்து, சற்று விலகி நல்ல மரத்தில் துத்தநாகம் பூசிய புது ஆணியை இறக்க வேண்டும். அதற்கு முன் ஆணியினும் சற்று மெல்லிய துளையிடாவிட்டால், பழைய உலர்மரம் பிளக்கும். துருவேறா எஃகு என்று விற்கப்படும் ஆணிகளும் ஈரமரத்தினுள் காற்றுப்படாத நிலையில் குழிக்குழியாக அரிக்கப்படுவதுண்டு. பெயரை நம்பி ஏமாறலாகாது.

இரும்பாணி உள்ள தோணியிற் செம்புத் தகட்டையோ செம்பாணியையோ கலந்து பயன்படுத்துவது பெருந்தவறு. 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, கப்பற்புழுவைத் தடுக்க ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு போர்த்தியது. புழு வரவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, இரும்பாணிகள் பல இடங்களிற் குழம்பாகக் கரைந்திருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் நீக்கப்படாமல் இருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதற்றிருந்தன. தாள், செம்பும் இரும்பும் தொடாமல் தடுத்தது. உப்புநீரில் இவ்விரு உலோகங்கள் கூடினால் மின்கலம் உண்டாகி, இரும்பு தன்னை இழந்து செம்பைக் காக்கிறது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, இதே விதியைப் பயன்படுத்தி, சிறிது துத்தநாகம் அல்லது இரும்பைப் பலிகொடுத்துச் செம்பைக் காக்கலாம் என்று காட்டினார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் கரையாத செம்பின்மீது கொட்டலசும் பாசியும் தடையின்றிப் படர்ந்தன! இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் எடுத்து, ஒன்றில் ஆணியைத் தனியாகவும் மற்றொன்றில் ஆணியைச் செம்புக்கம்பியால் சுற்றியும் வைத்து ஒரு வாரம் கவனித்தால், வகுப்பிலேயே ‘அலாரம்’ கப்பலின் கதையைக் காணலாம்.

பொறி பொருத்திய தோணியில், சுழலிக்கருகே துத்தநாகத் துண்டு வைப்பது நல்லதே. அளவுக்கு மிஞ்சி வைத்தால் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகி, அருகிலுள்ள மரத்தைப் பஞ்சாக்கிவிடும். வெண்மையான சோடாப் பொருள் பூத்திருப்பது இதன் அறிகுறி.

கண்ணாடியிழைப் போர்வை

பழந்தோணிக்குக் கண்ணாடியிழையும் பிசினும் போர்த்திவிட்டால் புதுத்தோணி ஆகிவிடும் என்ற நம்பிக்கை கரையோரங்களிற் பரவியுள்ளது. நன்றாக உலர்ந்து மருந்தேற்றிய புதுமரத்துக்கு இம்முறை ஏற்றதே; கொச்சி நிலையத்தின் ரப்பர் மரத்தோணிகள் அவ்வாறு செய்யப்பட்டவையே. பழமரத்தின் நிலை வேறு. பல்லாண்டு எண்ணெய் குடித்த பலகையிற் பாலியெஸ்டர் பிசின் உறுதியாக ஒட்டாது. ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறையாத மரத்திலும் ஒட்டாது. சில மாதங்களிற் போர்வை ஓரிடத்தில் விலகுகிறது. அவ்விடைவெளியில் புகும் நீர் வெளியேற வழியில்லை. மேலே பளபளப்பு, கீழே சாணம் போல் மக்கிய பலகை. குத்தூசியும் அங்குப் பயன்படாது. இதற்கெனக் கடன் வாங்கியவர், கடன் தீருமுன் தோணியை இழப்பார். பழந்தோணிக்குக் கண்ணாடியிழை போர்த்த வேண்டுமா என்று கேட்கப்படும்பொழுது, வேண்டா என்று தயக்கமின்றிக் கூறுதலே நேர்மை.

எண்ணெய்ப் பூச்சு மரத்தை மூச்சுவிடச் செய்வது. சாளை எண்ணெயும் சுறா ஈரல் எண்ணெயும் நெடுங்காலமாக இதற்குப் பயன்படுகின்றன. இவற்றினும் சிறந்தது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்; பூஞ்சணத்தையும் பூச்சியையும் வெறுக்கச் செய்யும் பொருள்கள் அதில் உள்ளன. ஆனால் அது தோலிற் பட்டால் கொப்புளிக்கும். கண்ணிற் பட்டால் துன்பம் பெரிது. கைக்கு நெகிழியுறையும், கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெயும் இன்றி அதனைத் தொடலாகாது. அதனைக் காய்ச்சும் புகையிலும் நிற்றல் கூடாது. எந்த எண்ணெயாயினும் கனமாக ஒருமுறை பூசுவதைக் காட்டிலும், மெல்லியதாக இருமுறை, இடையில் ஒரு நாள் உலரவிட்டுப் பூசுவது மேல்.

எதனைப் பழுது பார்ப்பது, எதனை விடுவது

இங்குக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. ஒரு பலகை மக்கினால் மாற்றலாம். இரண்டு விலாச் சட்டங்கள் முறிந்தால் அவற்றின் அருகே துணைச் சட்டம் வைக்கலாம். பழையதை உடனே பிடுங்குவது தவறு, ஏனெனில் தோணியின் வடிவம் அதனாலேயே நிற்கிறது. ஆனால் ஏரா நடுவில் வளைந்து, அணியமும் அமரமும் தொங்கிவிட்ட தோணியில், பலகைகளை எவ்வளவு மாற்றினாலும் கசிவு நிற்காது. தரையில் ஒரு நூலை அணியத்திலிருந்து அமரம் வரை இழுத்துப் பிடித்து, ஏரா நூலிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று ஆண்டுதோறும் அளந்து வந்தால் இது முன்கூட்டியே தெரியும். அத்தகைய தோணியை ஆழமற்ற ஏரியில் மட்டும் பயன்படுத்தலாம். முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது. பொறியும் பொருத்தக் கூடாது. துடுப்புக்கும் பாய்க்கும் கட்டப்பட்ட உடலுக்குப் பொறியின் அதிர்ச்சி பழக்கமில்லாதது. ஆணிகள் முதலில் அமரத்திலேயே தளரும்.

சொந்தக்காரரிடம் இதனைக் கூறுவது களப்பணியாளருக்கு எளிதன்று. தந்தை காலத்துத் தோணியை எவரும் விரும்பிக் கைவிடுவதில்லை. அவருடைய வரைபடத் தாளையும் நூலளவையும் காட்டிப் பேசினால் அவர் தாமே முடிவு காண்பார். அதிகாரமாகக் கூறினால், அடுத்த முறை அவர் தோணியைக் காட்டமாட்டார்.

பழுது பார்த்த தோணியை நீரில் இறக்கும் முறையிலும் பொறுமை வேண்டும். முதல் நாளில் ஆழமற்ற இடத்தில், பாதி நீரில் அமர்ந்திருக்குமாறு கட்டி, உள்ளே சிறிது கடல்நீரும் ஊற்றி வைத்தால் பலகைகள் இருபுறமும் சமமாகப் பருக்கும். மூன்றாம் நாள் நீரை இறைத்துவிட்டு, அன்று முதல் எத்தனை குடம் கசிகிறது என்று எண்ணிக் குறித்தல் வேண்டும். முதல் நாள் 40 குடம், மறுநாள் 25, பின்னர் 12, அடுத்து 5 என்று குறைந்து வருமாயின் பலகைகள் தம் இடத்தைப் பிடித்துவிட்டன. 15-ல் நின்று குறையாவிட்டால், ஏதோ ஒரு மூட்டோ ஆணியோ கவனிக்கப்படவில்லை. தோணியை உலர்த்தி, உட்புறம் சுண்ணாம்பு நீர் பூசி மிதக்கவிட்டால், நீர் புகும் இடத்தில் வெண்மை முதலில் கரைந்து காட்டிக்கொடுக்கும். எண்ணிக்கை பல வாரம் 5-லேயே நின்று, திடீரென ஒரு நாள் 20 ஆனால், அன்று கடலுக்குச் செல்லாமல் தோணியைக் கரையேற்றுவதே தக்கது.